ஹ்ராபொவேயா, கிராபோவோவா? ஒரு சிற்றூரின் பெயரும் அதன் நாடும்

ஏடுதொகுப்போன்

அனைவர்க்கும் வணக்கம். பலர் கூடி எழுதும் ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஒன்றில் கிழக்கு உக்ரைன் பகுதி என் பொறுப்பில் இருக்கிறது. பெரிய நகரங்களுக்கு நாளிதழ்கள் ஏற்கெனவே ஏதேனும் ஒரு வடிவத்தைப் பழக்கிவிட்டமையால் அவற்றில் தொல்லை அதிகமில்லை. ஒரு வாரமாக என்னை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பது தொனெத்ஸ்க் மாநிலத்தின் ஒரு சிற்றூர்தான். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் பறந்த மலேசிய விமானம் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அதன் நடுப்பகுதி இவ்வூரை ஒட்டிய வயலில் விழுந்து எரிந்தது. அன்றுவரை அடுத்த மாவட்டத்தாருக்கே தெரிந்திராத இவ்வூரின் பெயர், மறுநாள் உலகத்தின் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிட்டது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. முதலாவது, உக்ரைனிய மொழியில் ‘ஹ்ராபொவே’ என்றும் ரஷ்ய மொழியில் ‘கிராபோவோ’ என்றும் வழங்கும் இப்பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பது. இரண்டாவது, தொகுப்பின் படிவத்தில் ‘நாடு’ என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் எதை நிரப்புவது என்பது. உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைக் காரணத்துடன் தருமாறு வேண்டுகிறேன்.

வரைபடப் பித்தன்

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதற்கு விடை இருக்கிறது. கட்டத்தில் உக்ரைன் என்றுதான் எழுத வேண்டும். 1991-இல் உக்ரைன் தனிநாடானபோது ஏற்கப்பட்ட எல்லைக்குள்தான் இவ்வூர் இருக்கிறது. ரஷ்ய எல்லை இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உக்ரைனின் ஆவணங்களின்படி முன்பு ஷக்தார்ஸ்க் வட்டத்திலும், 2020-ஆம் ஆண்டின் நிருவாக மறுசீரமைப்புக்குப் பிறகு ஹோர்லிவ்கா வட்டத்திலும் இது அடங்கும்.

ஆனால் அந்த வட்டம் தாளில் மட்டுமே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பதிவு அரைகுறையாகிவிடும். 2014 ஏப்ரலில் ‘தொனெத்ஸ்க் மக்கள் குடியரசு’ என்று தங்களை அறிவித்துக்கொண்ட ஆயுதக் குழுவினரின் கையில், விமானம் விழுந்த நாளன்றே இவ்வூர் இருந்தது. அதன்பின் கீவ் அரசின் ஆட்சி அங்குத் திரும்பவில்லை. 2022 பிப்ரவரி 21 அன்று மாஸ்கோ அந்தக் ‘குடியரசை’ நாடாக ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று மாநிலம் முழுவதையும் தன்னோடு இணைத்துவிட்டதாக அறிவித்தது. அக்டோபர் 12 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்த இணைப்பு செல்லாது என்று 143 வாக்குகளால் தீர்மானித்தது. எதிர்த்தவை 5 நாடுகள், வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. ஒதுங்கிய வரிசையில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. மலேசியா ஆதரித்து வாக்களித்தது. எனவே நாடு உக்ரைன், ஆட்சிப்பிடி ரஷ்யாவிடம் என்று இரண்டு கட்டங்களாகப் பிரியுங்கள். படிவத்தில் ஒரு கட்டம்தான் உண்டென்றால் படிவத்தை மாற்றுங்கள்.

தனித்தமிழ்ப் பற்றாளன்

பெயரைப் பொறுத்தவரை என் கருத்து சுருக்கமானது. கிரந்த எழுத்தை எந்த ஊருக்காகவும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ‘கிராபொவே’ என்று எழுதினால் போதும். ‘கிராமம்’ என்று எழுதிப் பழகிய கைக்கு அதில் ஒரு தடையும் இராது.

ஒலியியல் மாணவி

பற்றாளன் ஐயா அவர்களின் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த ஓரிடத்தில் அக்கொள்கை அவர் எண்ணாத பக்கத்தில் கொண்டுபோய் அவரை நிறுத்துகிறது. ரஷ்ய மொழியும் உக்ரைனிய மொழியும் இப்பெயரின் முதலெழுத்தை ஒரே வடிவில்தான் எழுதுகின்றன. மாஸ்கோவின் வழக்கில் அவ்வெழுத்து ‘கிராமம்’ என்பதன் முதலொலியைப் போல ஒலிக்கும். உக்ரைனிய வழக்கிலோ தொண்டையிலிருந்து எழும் ஹகரமாக ஒலிக்கும். தமிழில் ‘கிராபொவே’ என்று எழுதினால், ‘கிராமம்’ என்பதை எவ்வாறு படிக்கிறோமோ அவ்வாறே படிப்போம். ஆக, கிரந்தத்தைத் தவிர்ப்பவர் தம்மை அறியாமல் ரஷ்ய ஒலிப்பைத் தேர்ந்தெடுத்தவர் ஆகிறார்.

ககரம் சொல்லின் நடுவில் வந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை என்பது இதில் ஒரு வேடிக்கை. அண்டை மாநிலத்தின் தலைநகரை உக்ரைனியர் ஹகரத்துடனும் ரஷ்யர் மெல்லிய ககரத்துடனும் சொல்கிறார்கள். நாமோ ‘லுகான்ஸ்க்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ‘அகல்’, ‘பகல்’ என்பவற்றின் ககரத்தைப் போல உயிரை அடுத்து வரும் ககரம் இரண்டு ஒலிகளுக்கும் இடம் கொடுத்துவிடுவதால், அந்த நகரத்தைப் பற்றிய வழக்கில் தமிழ் எழுத்து யார் பக்கமும் சாயவில்லை. இச்சிற்றூருக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனெனில் வழக்கே அதன் முதலெழுத்தில்தான் தொடங்குகிறது.

தொனெத்ஸ்க் பழைய மாணவன்

நான் 2014 ஜூன் வரை தொனெத்ஸ்கில் மருத்துவம் படித்தேன். படிப்பை வேறு ஊரில் முடித்தேன். மேலே உள்ளவர்கள் மாஸ்கோவின் ஒலிப்பையும் கீவின் ஒலிப்பையும் எடுத்துவைத்தார்கள்; அந்த ஊர்ப்பக்கத்தார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் யாரேனும் வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

என் வகுப்புத் தோழன் ஒருவனின் பாட்டி டோரெஸ் நகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தார். விடுமுறைகளில் அவனோடு இரண்டு மூன்று முறை சென்றிருக்கிறேன். தொனெத்ஸ்கிலிருந்து ‘மர்ஷ்ருத்கா’ என்னும் சிறு வேனில் ஏறினால், கர்சிஸ்க், ஷக்தார்ஸ்க் வழியாகச் சாலை நெடுகிலும் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவு மலைகள் கூம்பு கூம்பாக நிற்கும். பழைய கூம்புகளில் மரம் முளைத்திருக்கும். புதியவை கருத்து, மழைநாளில் புகையும். டோரெஸ், ஸ்னிஷ்னே பக்கங்களில் வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னாலேயே பள்ளம் தோண்டி உரிமமின்றி நிலக்கரி எடுப்பார்கள். அதற்குக் ‘கொபாங்கா’ என்று பெயர். நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பிய சில நிமிடங்களில் சுரங்க உலகம் முடிந்து, கரிய மண்ணும் கோதுமையும் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியகாந்தியும் தொடங்கிவிடும். பேருந்து நிலையத்தில் மூதாட்டிகள் வறுத்த சூரியகாந்தி விதையைக் கண்ணாடிக் குவளையால் அளந்து, நம் ஊரில் கடலை மடிப்பதைப் போலவே நாளிதழ்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி அதில் கொட்டித் தருவார்கள்.

அந்த வேனின் ஓட்டுநர் ஊர்ப்பெயரைக் கூவும்போது அது ‘ஹ்ராபோவோ’ என்றுதான் என் காதில் விழுந்தது. முதலெழுத்து உக்ரைனிய ஹகரம்; இறுதி ரஷ்ய ஓகாரம். தொன்பாஸ் என்னும் அந்தக் கிழக்குச் சுரங்கப் பகுதி மக்கள் ரஷ்ய மொழி பேசும்போதும் அந்த எழுத்தைத் தொண்டையில்தான் ஒலிப்பார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த எங்கள் ஆசிரியை ஒருவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார். கிராமங்களில் இரு மொழியும் கலந்த ‘சுர்ஷிக்’ என்னும் பேச்சு வழங்கும். பாட்டி ஒரே வாக்கியத்தை உக்ரைனியத்தில் தொடங்கி ரஷ்யத்தில் முடிப்பார். எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று நான் கேட்டபோது, ‘நம்ம பேச்சு’ என்று மட்டும் சொன்னார். ஆகவே ஏடுதொகுப்போன் முன்வைத்த இரண்டு வடிவங்களில் எதுவும் ஊராரின் வாயில் இருந்த வடிவம் அல்ல.

கிள்ளான் வாசகி

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்துவருகிறேன். ககரமா ஹகரமா என்று நீங்கள் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்வதில் எனக்கு மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. எனினும் அந்த ஊரின் பெயர் எங்கள் மலேசிய நாட்டில் எந்தச் சூழலில் அறிமுகமானது என்பதையும் ஒருவர் பதிய வேண்டும்.

விமானத்தில் இருந்த 298 பேரும் இறந்தனர். அவர்களில் 80 பேர் குழந்தைகள். பணியாளர் 15 பேரும் மலேசியர். பயணிகளையும் சேர்த்தால் மலேசியர் 43 பேர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், மார்ச் 8 அன்று எம்எச்370 காணாமல் போயிருந்தது. எம்எச்17-இன் செய்தி வந்தபோது எங்களுக்கு இரவு பத்தரை மணிக்கு மேல் இருக்கும். ‘மலேசிய விமானம்’ என்ற சொற்களைத் தொலைக்காட்சியில் பார்த்த என் தாயார், காணாமல் போனது கிடைத்துவிட்டது போலும் என்று முதலில் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி இருந்த அரை நிமிடத்தை இன்றுவரை அவர் மன்னித்துக்கொள்ளவில்லை.

முதல் 20 உடல்கள் ஆகஸ்டு 22 அன்றுதான் கோலாலம்பூருக்கு வந்தன. நாடு முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. ஒரு நிமிடம் எல்லாரும் வேலையை நிறுத்தி எழுந்து நின்றோம். எங்கள் அலுவலகத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் கருப்பு உடையில் வந்திருந்தோம். ஊர் விழுந்த இடத்திலிருந்து உடல் வந்த இடம்வரை ஐந்து வாரங்கள் ஆயின. ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று என்பதற்கு விடை, நீங்கள் விவாதிக்கும் அந்த ‘நாடு’ என்ற கட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் பிரதமராக இருந்த நஜிப் ரசாக், எந்த நாடும் அங்கீகரிக்காத ஒரு குழுவின் தலைவரோடு தொலைபேசியில் பேசித்தான் உடல்களையும் கருப்புப் பெட்டிகளையும் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. சட்டப்படி அந்த நிலம் கீவ் அரசுக்கு உரியது. கீவ் அரசின் காவலர் ஒருவரும் அங்கு நுழைய முடியாது. ஜூலை 21 நள்ளிரவை ஒட்டி தொனெத்ஸ்கில் கையெழுத்திட்டுப் பெட்டிகளை வாங்கியவர்கள் எங்கள் நாட்டு அதிகாரிகள்.

ஐயம் தீராதவன்

‘ஊர் விழுந்த இடம்’ என்று அம்மையார் எழுதியது தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். ஆனால் பொருத்தமான பிழை.

ஒரு கேள்வி. முதல் பதிவே ‘சுட்டு வீழ்த்தப்பட்டபோது’ என்று தொடங்குகிறது. யார் சுட்டார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கும்போது தொகுப்பு ஒரு பக்கத்தின் கூற்றை ஏற்கலாமா? மலேசியப் பிரதமராக மீண்டும் வந்த மகாதீர் முகமதே 2019-இல், ரஷ்யாவைக் குற்றம் சாட்டுவதற்குப் போதிய சான்று இல்லை என்றும் இதில் அரசியல் இருக்கிறது என்றும் வெளிப்படையாகச் சொன்னாரே. மேற்கு நாடுகள் சொல்வதை எல்லாம் நாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

வரைபடப் பித்தன்

வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன கிடைத்தது என்று பார்க்கலாம்.

சுட்டு வீழ்த்தப்பட்டது என்பதில் ரஷ்யாவுக்கும் மறுப்பு இல்லை. எதனால், எங்கிருந்து, யாரால் என்பதில்தான் மறுப்பு. உள்ளூர் நேரம் மாலை 4.20 மணிக்கு, அதாவது இந்திய நேரம் 6.50-க்கு, விமானத்தின் பதிவுக்கருவிகள் இரண்டும் ஒரே கணத்தில் நின்றுபோயின. விமானிகள் அறைக்கு மேலே இடப்பக்கத்தில் ஒரு ஏவுகணை வெடித்தது என்று டச்சுப் பாதுகாப்பு வாரியம் 2015 அக்டோபர் 13 அன்று அறிக்கை தந்தது. தரையிலிருந்து வானில் பாயும் ‘பூக்’ வகை ஏவுகணையின் ஒரு குறிப்பிட்ட வெடிமுனையில் மட்டும், வண்ணத்துப்பூச்சியைப் போல இருபுறமும் விரிந்து நடுவில் ஒடுங்கிய இரும்புத் துண்டுகள் இருக்கும். அத்தகைய துண்டுகள் விமானி அறையில் இருந்தோரின் உடல்களிலிருந்தே எடுக்கப்பட்டன. முன்பகுதி உடனே கழன்று விழுந்துவிட்டது. எஞ்சிய உடல் இன்னும் எட்டரை கிலோமீட்டர் கிழக்கே பறந்துபோய் உடைந்து விழுந்தது. சிதறல்கள் கிடந்த பரப்பு 50 சதுர கிலோமீட்டர்.

எங்கிருந்து என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கு இன்னும் இரண்டு சிற்றூர்கள் நுழைகின்றன. ஏவுகணையைத் தயாரிக்கும் ரஷ்ய நிறுவனமான அல்மாஸ்-அன்தேய், உக்ரைன் படை இருந்ததாகச் சொல்லப்பட்ட ஸரோஷ்சென்ஸ்கே என்ற ஊரின் வயலைக் காட்டியது. பன்னாட்டுப் புலனாய்வுக் குழுவோ, ஸ்னிஷ்னே நகருக்குத் தெற்கே பெர்வோமாய்ஸ்கி என்ற ஊரை ஒட்டிய பண்ணை வயலைக் காட்டியது. ரஷ்யாவின் கூர்ஸ்கில் உள்ள 53-ஆவது வான்காப்புப் படையணியின் ஏவுவாகனம் எல்லை தாண்டி வந்து, அவ்வயலிலிருந்து சுட்டுவிட்டு, மறுபடியும் எல்லை தாண்டிச் சென்றது என்பது அதன் முடிவு. இந்தக் குழுவில் மேற்கு நாடுகள் மட்டும் இல்லை; நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, பெல்ஜியம், உக்ரைன் ஆகியவற்றோடு மலேசியாவும் 2014 டிசம்பரில் சேர்ந்து, மகாதீர் பேசிய காலத்திலும் அதிலேயே இருந்தது. பிரதமர் மேடையில் சொன்னது ஒன்று, அவர் நாட்டு அதிகாரிகள் கோப்பில் கையெழுத்திட்டது வேறொன்று.

2020 மார்ச் 9 அன்று தொடங்கிய வழக்கில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் 2022 நவம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. தொனெத்ஸ்க் ஆயுதக் குழுவைச் சேர்ந்த கிர்கின், துபின்ஸ்கி, ஹர்சென்கோ ஆகிய மூவருக்கும் அவர்கள் நேரில் இல்லாமலேயே ஆயுள் தண்டனை விதித்த அதே நீதிமன்றம், நான்காமவரான புலாத்தோவை விடுதலை செய்தது. ஒரு பக்கத்துக்காகவே தீர்ப்பெழுதும் நீதிமன்றம் நான்கில் ஒருவரை விடுவிக்குமா என்று ஐயம் தீராதவர் எண்ணிப் பார்க்கலாம். ஸரோஷ்சென்ஸ்கே வாதத்தையும் அந்நீதிமன்றம் ஆராய்ந்தே தள்ளியது. சுட்டவர்கள் அதைப் போர்விமானம் என்று தவறாக எண்ணியிருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு குற்றத்தை நீக்கிவிடாது என்றது. பின்னர் 2025 ஜூலை 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவையே பொறுப்பாக்கியது.

உக்ரைனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. சில நாட்களுக்கு முன்பே போர்விமானங்கள் சுடப்பட்டிருந்தும், 32,000 அடிக்குக் கீழே மட்டும் வான்வழியை மூடிவிட்டு மேலே திறந்தே வைத்திருந்தார்கள். எம்எச்17 பறந்தது 33,000 அடியில். அன்று ஒரு நாளில் மட்டும் 160 பயணிகள் விமானங்கள் கிழக்கு உக்ரைனுக்கு மேலே பறந்தன. சுடப்பட்ட நேரத்தில் அதே வான்பகுதியில் ஏர் இந்தியாவின் விமானம் ஒன்றும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் விமானம் ஒன்றும் இருந்தன. டச்சு அறிக்கை வான்வழியை முழுவதும் மூடாத உக்ரைனைக் கடிந்தே எழுதியிருக்கிறது.

ஐயம் தீராதவன்

நான்காமவர் விடுவிக்கப்பட்டதை நான் அறிந்திருக்கவில்லை. தீர்ப்பைப் படிக்கிறேன்.

தொனெத்ஸ்க் பழைய மாணவன்

நண்பர்கள் ஏவுகணையின் பாதையைச் சொன்னார்கள். அது முடிந்த இடத்தில் ஊரார் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது அங்கில்லை. தோழன் சொன்னதும், அந்த நாட்களில் செய்தியாளர்கள் படமெடுத்துக் காட்டியதும் சேர்ந்தது இது.

விமானி அறை ரொஸ்சிப்னே ஊரின் சூரியகாந்தி வயலில் விழுந்தது. அதே ஊரில் ஓர் உடல் ஒரு வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது. பெட்ரோபாவ்லிவ்காவின் தெருக்களில் முன்பகுதித் தகடுகளும் பயணப்பொதிகளும் விழுந்தன. இறக்கைகளும் எரிபொருளும் இயந்திரங்களும் சேர்ந்த நடுப்பாகம் ஹ்ராபொவேயை ஒட்டி விழுந்து, தரை கருகும்வரை எரிந்தது. அந்தத் தீ தங்கள் வீடுகளின் மேல் விழவில்லை என்பதை ஊரார் கடவுளின் செயல் என்றே பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் முதல் அருகிலுள்ள சுரங்கங்களின் தொழிலாளர்கள், முகத்திலும் கையிலும் நிலக்கரித் தூளோடு, கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று வயலைக் கடந்து நடந்தார்கள். கண்டெடுத்த இடத்திலெல்லாம் வெள்ளைத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டார்கள். கோதுமை அறுவடைக்குக் காத்திருந்த நேரம் அது. வெயில் கடுமையாக இருந்தது. உடல்கள் டோரெஸ் தொடர்வண்டி நிலையத்தில் குளிர்பதனப் பெட்டிகளில் வைக்கப்பட்டு, ஜூலை 22 அன்று கார்கிவ் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு ஷக்தார்ஸ்க்கைச் சுற்றிச் சண்டை மூண்டது. டச்சு, ஆஸ்திரேலிய வல்லுநர்கள் ஜூலை 31 அன்றுதான் வயலுக்குள் வர முடிந்தது; ஆகஸ்டு 6 அன்று பணியை நிறுத்திவிட்டுப் போனார்கள். உடைந்த பாகங்களை அள்ளும் வேலை நவம்பரில்தான் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் யாரும் அந்த வயலைக் காவல் காக்கவில்லை, ஊரார்தான் இருந்தார்கள். கிடைத்த பொருள்களைக் கொண்டுபோய் ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்தவர்களும் உண்டு. எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

முதலாண்டு நினைவுநாளில் அங்கு ஆட்சி செய்தவர்கள் ஒரு நினைவுக்கல்லை நாட்டினார்கள். இறந்த 298 பேரையும் ‘உள்நாட்டுப் போருக்குப்’ பலியான அப்பாவிகள் என்று அக்கல் குறிப்பிட்டது.

கிள்ளான் வாசகி

அந்தக் கல்லின் சொல்லைக் கவனியுங்கள். ‘உள்நாட்டுப் போர்’ என்று எழுதிவிட்டால் வெளியிலிருந்து எவரும் வரவில்லை என்று ஆகிவிடுகிறது. அதே கேள்விக்கு ஹேக் நீதிமன்றம் வேறு விடை கண்டது: 2014 மே மாதத்தின் நடுப்பகுதியிலிருந்தே தொனெத்ஸ்க் ஆயுதக் குழுவின் மேல் ரஷ்யாவுக்கு ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு இருந்தது, ஆகவே அது இரு நாடுகளுக்கு இடையிலான போர். இறந்தவர்களுக்குக் கல் வைக்கும்போதே வழக்குக்கும் ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரார் மெழுகுவத்தியும் பொம்மையும் பூவும் கொண்டுவந்து வயலோரத்தில் வைத்தார்கள். அவற்றில் எந்த எழுத்தும் இல்லை.

மேலே நான் எழுதியது தட்டச்சுப் பிழைதான். ‘விமானம் விழுந்த இடம்’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

தனித்தமிழ்ப் பற்றாளன்

மாணவியின் விளக்கத்தை நான்கு முறை படித்தேன். நான் எழுதும் கட்டுரைகளில் கிரந்தத்தைத் தொடர்ந்து தவிர்ப்பேன்; ஆனால் தொகுப்பில் தலைச்சொல் ‘ஹ்ராபொவே’ என்று இருப்பதை எதிர்க்கமாட்டேன். ‘கிராபொவே’ என்று தேடுபவரும் அதே பக்கத்துக்கு வந்து சேரும்படி வழிமாற்று வைத்துவிடுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. பக்கத்து நகரத்தை எல்லாரும் டோரெஸ் என்கிறீர்கள். வரைபடத்தில் எனக்கு வேறு பெயர் தெரிகிறதே?

வரைபடப் பித்தன்

சிஸ்தியாகொவே என்று தெரிந்திருக்கும். அதுதான் நகரத்தின் பழைய பெயர். 1964-இல் பிரெஞ்சுப் பொதுவுடைமைத் தலைவர் மோரிஸ் தொரேஸ் இறந்தபோது அவர் பெயரைச் சூட்டினார்கள். 2016-இல் சோவியத் காலப் பெயர்களை நீக்கும் சட்டத்தின் கீழ் உக்ரைன் நாடாளுமன்றம் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தது. அப்போது நகரம் அதன் கையில் இல்லையாதலால் நிலையத்தின் பெயர்ப்பலகை மாறவில்லை.

ஏடுதொகுப்போன்

அனைவர்க்கும் நன்றி. இழையில் வந்தவற்றைக் கொண்டு பதிவைப் பின்வருமாறு எழுதியிருக்கிறேன். திருத்தங்கள் இருந்தால் தெரிவிக்கவும்.

‘ஹ்ராபொவே: உக்ரைனின் தொனெத்ஸ்க் மாநிலம், ஹோர்லிவ்கா வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். ரஷ்ய வழக்கில் கிராபோவோ. உள்ளூர்ப் பேச்சில் ஹ்ராபோவோ. 2014 முதல் உக்ரைன் அரசின் ஆட்சிக்கு வெளியே உள்ளது. 2022 செப்டம்பரில் ரஷ்யா தன்னோடு இணைத்ததாக அறிவித்த பகுதியில் அடங்கும். அந்த இணைப்பை ஐ.நா. பொதுச்சபை ஏற்கவில்லை. 2014 ஜூலை 17 அன்று எம்எச்17 விமானம் இவ்வூரில் விழுந்தது.’

படிவத்தில் ‘ஆட்சிப்பிடி’ என்று ஒரு கட்டம் சேர்க்கப் பொறுப்பாளர்கள் இசைந்துவிட்டார்கள். தொகுப்பில் இருக்கும் மற்ற ஊர்களுக்கும் அதை நிரப்பியாக வேண்டும் என்பதால் என் வேலை இன்னும் மூன்று மாதம் நீள்கிறது.

தொனெத்ஸ்க் பழைய மாணவன்

கடைசி வரியை மாற்றுங்கள். விமானம் இவ்வூரில் விழவில்லை. ரொஸ்சிப்னே, பெட்ரோபாவ்லிவ்கா, ஹ்ராபொவே ஆகிய மூன்று ஊர்களின் வயல்களிலும் விழுந்தது. பெரிய தீ இங்கு எரிந்ததால் படப்பிடிப்பாளர்கள் முதலில் இங்கு வந்தார்கள். அதனால் இந்தப் பெயர் நின்றுவிட்டது. என் தோழனின் பாட்டி ஹ்ராபொவேக்காரர் அல்லர். தங்கள் ஊரின் பெயரை எந்தச் செய்தியும் சொல்லவில்லை என்று அவர் ஒருமுறை தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டதை அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான்.

ஏடுதொகுப்போன்

மாற்றிவிட்டேன். மற்ற இரண்டு ஊர்களுக்கும் தனித்தனிப் பதிவு தொடங்கியிருக்கிறேன். மாணவி அவர்களே, ‘ரொஸ்சிப்னே’ என்பதில் நடுவில் வரும் மெய் இரட்டிக்க வேண்டுமா, ஒன்று போதுமா?

ஒலியியல் மாணவி

இரண்டும் இருக்கட்டும். எழுத்தில் முதலாவது ஸகரத்தின் மென்வடிவம், இரண்டாவது ஸகரம். பேச்சில் இரண்டும் சேர்ந்து நீண்டு ஒலிக்கும். பழைய மாணவர் வேனில் எப்படிக் கேட்டார் என்று சொன்னால் உறுதிசெய்துவிடலாம்.